பனி ஊரில் துவக்குப் பராமரிப்பு: எந்த எண்ணெய், எந்த இடத்திற்கு

கடந்த ஐப்பசி மழையின்போது இலங்கை மலைநாட்டின் வெலிமடைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி தமது இரட்டைக் குழல் துவக்கை என்னிடம் கொண்டுவந்தார். உருளைக்கிழங்குப் பாத்திகளைக் காட்டுப்பன்றிகளிடமிருந்து காப்பதற்காக உரிமம் பெற்று வைத்திருக்கும் ‘12 போர்’ (12 bore) குழல் அளவுள்ள துவக்கு அது. வெளியே துடைத்து மினுக்கிய அழகில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தோட்டா அறைகள் இரண்டும் காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி உறுதிசெய்துகொண்டு, குழலை மடித்துத் திறந்து மீண்டும் மூடினேன். விசையில் விரல் படவே இல்லை. மூடிய அதிர்விலேயே உள்ளே ‘டிக்’ என்று வலப்பக்கச் சுத்தியல் விழுந்தது. அறையில் தோட்டா இருந்திருந்தால், அது அவருடைய பாத்தியோரத்தில், பக்கத்தில் மகன் நிற்கும்போது நடந்திருந்தால் என்று நினைத்தபோது எனக்குக் கை நடுங்கியது.

திறந்து பார்த்தேன். சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் சிறு கொக்கியைச் சுற்றிப் பலாப்பால் காய்ந்ததுபோலப் பழுப்பு நிறப் பிசின் படிந்திருந்தது. கொக்கி முழுமையாகத் திரும்பிவர முடியாமல், நுனியளவு மட்டும் பற்றிக்கொண்டு நின்றிருக்கிறது. “வாரா வாரம் நல்லெண்ணெய் விடுறேன் அண்ணே, ஒரு வாரம்கூடத் தவறல” என்றார் அவர். அவர் அக்கறையில் குறை இல்லை, எண்ணெயில்தான் குறை. நல்லெண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனை மெல்ல மெல்ல ஏற்றுத் தடித்து, கடைசியில் பிசினாகிவிடும் இயல்புடையது. தேங்காயெண்ணெய் அவ்வளவு எளிதில் பிசினாகாது என்றாலும், ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கும். 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலோ ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 16 பாகையை ஒட்டித்தான் நிற்கிறது. அதிகாலையில் போத்தலுக்குள் கட்டியாகக் கிடக்கும் எண்ணெய், சுத்தியல் அடித்ததும் தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்கவைக்கும் அடிஊசி ஓடும் துளைக்குள் மட்டும் இளகியிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஊசி தயங்கினால் அடி மெலியும். அடி மெலிந்தால் தோட்டா வெடிக்காமல் போகும். ஏன் வெடிக்கவில்லை என்று உடனே துவக்கைத் திறந்து பார்க்கும் அவசரம் அதைவிட ஆபத்தானது. குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்தபடி அரை நிமிடமேனும் காத்திருந்த பிறகே திறக்க வேண்டும்.

துவக்குப் பராமரிப்பில் ஒரு திரவத்திடம் நாம் கேட்கும் வேலைகள் மூன்று: அழுக்கைக் கரைப்பது, உராய்வைக் குறைப்பது, துருவைத் தடுப்பது. இவை வெவ்வேறு வேலைகள். நன்றாகக் கரைப்பது விரைவில் ஆவியாகிவிடும். நன்றாகக் காப்பது தடித்து நிற்கும். மூன்றையும் ஒருங்கே செய்வதாக விற்கப்படும் சி.எல்.பி. வகை எண்ணெய்கள் நல்லவையே, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் மழை மாதங்களில் வட்டவளை, மஸ்கெலியா போன்ற ஈரமான ஊர்களில் அவற்றின் துருத்தடுப்பை மட்டும் நம்பி மாதக்கணக்கில் துவக்கைத் தொடாமல் வைப்பது சரியாகாது.

டபிள்யூ.டி.-40 என்ற தெளிப்பு எண்ணெய் பற்றிக் கேட்காதவர் இல்லை. 1953இல் அமெரிக்காவில் அது உருவாக்கப்பட்டதே ஈரத்தை இடம்பெயர்ப்பதற்காகத்தான். பெயரிலுள்ள இரண்டு எழுத்துகளும் அதையே குறிக்கின்றன. நனைந்துவந்த துவக்கின் இடுக்குகளிலிருந்து நீரை வெளியேற்ற அதை அடியுங்கள். பிறகு துடைத்துவிட்டுத் தகுந்த எண்ணெயைப் பூசுங்கள். அதையே ஆண்டு முழுவதும் உள்ளே அடித்துக்கொண்டிருந்தால், எஞ்சும் மெல்லிய படலம் தூசியோடு சேர்ந்து படியும். தோட்டாக்களின் பக்கத்தில் அடிக்கவே கூடாது. இடுக்கில் ஊடுருவும் எண்ணெய் தோட்டாவின் அடியில் மருந்துக்குத் தீமூட்டும் பகுதியான அடிமூட்டுக்குள் புகுந்து அதைப் பயனற்றதாக்கிவிடக்கூடும்.

கரைப்பதற்கு மண்ணெண்ணெய் போதும். ஆனால் கழுவிய பின் அதை முழுவதும் துடைத்து உலர்த்த வேண்டும். அது விட்டுச்செல்லும் வெற்று இரும்பில் ஒரே இரவுப் பனியில் துரு பூத்துவிடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பெற்றோல் வேண்டவே வேண்டாம். லயத்து அறையில், எரியும் அடுப்புக்கு ஐந்தடி தூரத்தில் ஒருவர் பெற்றோலில் துவக்கு கழுவிக்கொண்டிருந்ததைக் கண்ட நாளிலிருந்து இதை எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். அதன் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தவழ்ந்து அடுப்பைத் தேடிப் போகும். வாகனத்திலிருந்து வடித்த பழைய என்ஜின் எண்ணெயும் இரும்புக்கு ஆகாது. அதில் அமிலமும் கரியும் உலோகத் துகளும் கலந்திருக்கின்றன.

குழலுக்குள் படிவது பெரும்பாலும் வெடிமருந்துக்கரி, ஈயம், தோட்டாவிலுள்ள பிளாஸ்டிக்கின் தடம் ஆகியவையே. கரைப்பானில் தோய்த்த துணித்துண்டை ஓட்டி, பத்து நிமிடம் ஊறவிட்டு, வெண்கல பிரஷைத் தோட்டா அறைப் பக்கத்திலிருந்து வாய்ப் பக்கமாகச் செலுத்தினால் போதும். கருமருந்து எனும் பழைய வகை வெடிமருந்தை முன்வாயால் நிரப்பும் பழைய துவக்கு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் வேறு விதி. கருமருந்து எரிந்தபின் எஞ்சும் பொட்டாசிய உப்புகள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எந்தக் கனிம எண்ணெயும் அவற்றைக் கரைக்காது, நீர்தான் கரைக்கும். சுடச்சுட வெந்நீர் ஊற்றிக் கழுவினால் குழலும் சூடேறித் தானாகவே உலரும். அந்தச் சூடு ஆறுமுன் எண்ணெய் பூச வேண்டும். நீர் என்றால் துரு என்று பயந்து, கரியின் மேலேயே எண்ணெய் பூசுபவர்களின் குழல்கள்தான் அரித்துக் குழிவிழுந்து என்னிடம் வருகின்றன.

உராய்வுக்கு வருவோம். குழல் மடியும் பிணைச்சலுக்கும் பூட்டும் பற்களுக்கும் அரிசியளவு கிறீஸ். சுத்தியல், கொக்கி ஆகியவற்றின் அச்சாணிகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் போன்ற மெல்லிய கனிம எண்ணெயில் ஊசிமுனை தொட்ட ஒரு துளி. அடிஊசியின் துளைக்குக் கிட்டத்தட்ட உலர்ந்த நிலை. அவ்வளவுதான். அளவுக்கு மிஞ்சிய எண்ணெய் கீழே வடிந்து மரக்கட்டையின் தலைப்பகுதியில் ஊறி, நாளடைவில் மரத்தை இளக்கிவிடும். அதனால்தான் எண்ணெய் விட்ட துவக்கை முதல் இரவு வாய் கீழாக, ஒரு துணியின்மேல் நிறுத்திவைக்கச் சொல்கிறேன். மரத்துக்குத் தனியே ஆளி விதை எண்ணெய் மெல்லிய பூச்சாகப் போதும். அதைத் தேய்த்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவிடுங்கள். சுருட்டிய துணி தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும்.

துருவைப் போக்கத் தேசிக்காயோ பழப்புளியோ தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்கு அது பொருந்தும். குழலின் நீலப்பூச்சையோ அந்தப் புளிப்பு துருவோடு சேர்த்தே தின்றுவிடும். எண்ணெய் நனைத்த மிக மெல்லிய இரும்புப் பஞ்சால், அழுத்தாமல், பொறுமையாகத் தேய்க்கலாம்.

பனியில் நனைந்த குளிர்ந்த இரும்பைச் சூடான அறைக்குள் கொண்டுவந்ததும் அதன்மேல் வியர்வைபோல நீர் அரும்பும். தோட்டாக்களை முதலில் வேறோர் இடத்தில் பூட்டிவிட்டு, அரை மணி நேரம் காத்திருந்து, அந்த நீர் அரும்பி முடிந்தபின் துடைத்து எண்ணெய் பூசுங்கள். அடுப்புக்கு மேலுள்ள பரண், சாக்கு, தோலுறை ஆகிய மூன்றும் துவக்கை வைக்கத் தகாத இடங்கள். புகையும் ஈரமும் அங்கேதான் தங்கும். அடுத்த முறை எடுக்கும்போது, தோட்டா இடுவதற்கு முன், உலர்ந்த துணித்துண்டை ஓட்டிக் குழலையும் தோட்டா அறையையும் துடைத்துவிட வேண்டும். அறையில் எண்ணெய் தேங்கியிருந்தால் தோட்டா சுவரைப் பற்றிக்கொள்ளாமல் தன் முழு உதைப்பையும் பூட்டின்மேல் இறக்கும்.

வெலிமடைக்காரரின் துவக்கு இரண்டு இரவுகள் மண்ணெண்ணெயில் ஊறியது. பல் துலக்கும் பிரஷால் பிசினை நீக்கி, உலர்த்தி, நான்கு துளி எண்ணெய் விட்டபின் காலி அறைகளோடு ஐம்பது முறை திறந்து மூடிப் பார்த்தேன். சுத்தியல் ஒருமுறைகூட விழவில்லை. அவர் புறப்படும்போது சிறு போத்தல் தையல் மெஷின் எண்ணெயையும் ஒரு தையலூசியையும் கொடுத்தேன். ஊசியின் முனையை எண்ணெயில் தொட்டு, தொங்கும் துளியைத் தம் மகனிடம் காட்டி, “இவ்வளவுதான், கண்டியா?” என்றார்.