கிண்டில் வாங்கியும் கண் வலிக்கிறதா? உள்ளே ஏற்றிய கோப்பைப் பாருங்கள்

"கிண்டில் வாங்கியும் கண் வலி போகலையே மேடம், பவர் ஏறிடுச்சோ?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். பெங்களூரில் அல்சூர் பக்கம் இருக்கும் எங்கள் கிளினிக்குக்கு வருகிற தமிழர்களில் ஐ.டி. வேலைக்காரர்கள் ஒரு பகுதி, ஊரிலிருந்து வந்து அவர்களோடு தங்கியிருக்கும் அப்பா அம்மா இன்னொரு பகுதி. நான் ஆப்டோமெட்ரிஸ்ட். பார்வையைச் சோதித்துப் பவர் எழுதித் தருவது என் வேலை. சோதித்துப் பார்த்தால் பல பேருக்குப் பழைய பவரேதான் இருக்கும். அப்புறம் அவர்களிடமிருந்து அந்தக் கிண்டிலை, அதாவது மின்புத்தகம் படிக்க அமேசான் விற்கும் கருவியை, கையில் வாங்கிப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். உள்ளே ஏ4 அளவு பி.டி.எஃப். கோப்புகளாக அடுக்கி வைத்திருப்பார்கள்.

ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். 6 அங்குலக் கிண்டிலின் திரை அகலம் 9 சென்டிமீட்டர்தான். பி.டி.எஃப். என்பது பக்கத்தை அச்சடித்த மாதிரியே பூட்டி வைக்கும் வடிவம். அதனால் அந்தப் பக்கம் அப்படியே சுருங்கித் திரைக்குள் உட்காரும். 12 பாயிண்டில் டைப் செய்த எழுத்து சுமார் 5 பாயிண்ட் ஆகிவிடும்.

கிட்டப் படிக்கும் பார்வையைச் சோதிக்க உங்கள் கையில் ஓர் அட்டை தருவோமே, அதில் என்5, என்6, என்8 என்று வரிகள் இருக்கும். அந்த எண் எழுத்தின் பாயிண்ட் அளவுதான். அட்டையின் கடைசி வரி என்5. கண்ணைச் சுருக்கி, மூச்சைப் பிடித்து, "படிச்சிட்டேன்" என்று நிமிர்கிற வரி அது. அந்த அளவு எழுத்தில் 300 பக்க அறிக்கையை இரவு முழுக்கப் படித்தால் எந்தக் கண்ணாடி போட்டும் வலிக்கத்தான் செய்யும். ஒருவரால் திணறிப் படிக்க முடிகிற மிகச் சிறிய எழுத்து எதுவோ, அதைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு இருந்தால்தான் நீண்ட நேரம் சிரமமில்லாமல் படிக்கலாம் என்பது எங்கள் தொழிலில் வைத்திருக்கும் கணக்கு. என்5 படிக்கிறவருக்கு 10 பாயிண்டாவது வேண்டும்.

தமிழுக்கு இதில் கூடுதல் தொல்லை உண்டு. மெய்யெழுத்தின் புள்ளி முதலில் மறையும். அடுத்து 'கெ'வும் 'கே'வும் ஒன்றாகத் தெரியும், கொம்பின் மேல் சுழி அவ்வளவு சின்னது. துணைக்காலும் 'ர'வும் குழம்பும். மூளை சூழலை வைத்து ஊகித்துப் படித்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஊகிக்கும் வேலைதான் அரை மணி நேரத்தில் நெற்றிப்பொட்டில் வந்து உட்காருகிறது. ஊகிக்கக் கஷ்டமாக இருந்தால் கருவியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவருவோம். 40 செ.மீ. தூரத்தில் படிக்கக் கண் 2.5 டயாப்டர் (கண் குவியும் திறனின் அளவு) குவிய வேண்டும், 25 செ.மீ.க்கு வந்தால் 4 டயாப்டர். உள்ளே இருக்கும் தசை சும்மா இருக்குமா?

கிண்டிலில் இருக்கும் மின்தாள் திரை நல்லதா என்று கேட்டால், நல்லதுதான் என்பேன். வெள்ளை, கறுப்புத் துகள்கள் மின்சாரத்தால் மேலும் கீழும் நகர்ந்து எழுத்தாகும் திரை அது. பின்னாலிருந்து கண்ணுக்குள் வெளிச்சம் அடிக்காது. வெயிலில் போன் மங்கும், இது இன்னும் தெளியும். ஆனால் எல்.சி.டி. திரையோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. சிலவற்றில் மின்தாளில் களைப்பு குறைவு, சிலவற்றில் பெரிய வித்தியாசம் இல்லை. உற்றுப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறையும். நிமிடத்துக்கு 15 தடவை சிமிட்டுகிற கண், கவனம் கூடும்போது அதில் பாதிக்கும் கீழே போய்விடும். சில்க் போர்டு நெரிசலில் ஏ.சி. காற்றை நேராக முகத்தில் வாங்கிக்கொண்டு வாடகைக் காரில் உட்கார்ந்து படித்தால் மின்தாளானாலும் கண் காயும்.

நீல ஒளி பற்றியும் தினம் கேட்கிறார்கள். பல ஆய்வுகளைத் திரட்டி அலசி 2023ல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு, நீல ஒளி தடுக்கும் கண்ணாடியால் கண் களைப்பு குறைவதாகச் சான்று இல்லை என்று சொன்னது. காசைச் செலவழிக்காதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன், கடைக்காரர்களுக்கு என்மேல் கோபம் வந்தாலும். "இ-ரீடர் தூக்கத்தைக் கெடுக்கும்" என்று 2014 முதல் சுற்றிவரும் ஆய்வில் கலந்துகொண்டவர்கள் கையில் இருந்தது பின்னாலிருந்து வெளிச்சம் அடிக்கும் ஐபேட். அதைக் கிண்டிலுக்குப் பொருத்திப் பயமுறுத்துவது சரியில்லை.

ஆக, ஏற்றுவதற்கு முன்னால் கோப்பைச் சரிசெய்ய வேண்டும். கணினியில் அந்த பி.டி.எஃப்.பைத் திறந்து ஒரு வரியைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். வரி நீலமாகவே மாறவில்லை என்றால் அது ஸ்கேன், அதாவது புகைப்படம். மாறினால் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். சரியான தமிழாக விழுந்தால் கவலையில்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கூழாக விழுந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்தது. பாமினியில் மெய்ப்புள்ளி அரைப்புள்ளி விசையில்தான் உட்கார்ந்திருக்கும், அதனால்தான் அந்தக் கோலம். அதைக் கிண்டிலுக்கு மாற்றி அனுப்பினால் உள்ளேயும் அந்தக் கூழ்தான் வரும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் உண்டு, உரையை முதலில் அதில் போட்டு எடுக்க வேண்டும். யூனிகோடு பி.டி.எஃப்.பிலேயே சில சமயம் கொம்புகள் இடம் மாறி விழும். அதனால் பி.டி.எஃப். அனுப்புகிறவரிடம் "வேர்டு ஃபைல் இருந்தா அனுப்புங்க" என்று கேட்டுவிடுவது பாதி வேலையை மிச்சப்படுத்தும். கேட்கக் கூச்சப்படுகிறோம், அவ்வளவுதான்.

எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்களிடம் வருவார். மருமகன் பழைய தமிழ் நாவல்களின் ஸ்கேன்களை இறக்கிக் கருவியில் ஏற்றிக் கொடுத்திருந்தார். அந்தப் புத்தகங்கள் சிறிய அளவு, அதனால் எழுத்து அவ்வளவு சுருங்கவில்லை. ஆனால் பழுப்பேறிய தாள் திரையில் சாம்பல் புள்ளிகளாகத் தூவிக் கிடந்தது. மறுபக்க எழுத்தின் நிழல் வேறு. கண்புரை தொடங்கியிருக்கும் 70 வயதுக் கண்ணுக்கு எழுத்தின் அளவைவிட எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடுதான் முக்கியம். "கண்ணாடி மாத்திக் கொடும்மா" என்றார். கண்ணாடியில் மாற்ற எதுவும் இல்லை. மருமகனைப் போனில் பிடித்து, ஸ்கேனை எழுத்தாக மாற்றும் வழியைச் சொன்னேன்.

அந்த வழி இது. ஸ்கேன் பி.டி.எஃப்.பை அத்தியாயம் அத்தியாயமாகச் சிறிய கோப்புகளாகப் பிரித்து கூகுள் டிரைவில் ஏற்றுங்கள். வலது சொடுக்கி, கூகுள் டாக்ஸில் திறங்கள். படத்தில் உள்ள தமிழை அது எழுத்தாக்கிக் கொடுக்கும், தெளிவான அச்சாக இருந்தால் வியக்கும் அளவுக்குச் சரியாகவே இருக்கும். பக்க எண்களையும் உடைந்த வரிகளையும் ஒரு பார்வை பார்த்துத் திருத்திவிட்டு, பதிவிறக்கும் பட்டியலில் இ-பப் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். இ-பப்பில் எழுத்து திரைக்கு ஏற்ப ஓடி அமையும். வேண்டிய அளவு பெரிதாக்கிக்கொள்ளலாம், வரி தானாக மடங்கும். பெரியவர் இப்போது பக்கத்துக்கு 12 வரி வைத்துப் படிக்கிறார். பக்கம் திருப்பித் திருப்பிக் கட்டைவிரல் வலிக்கிறதாம். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

இவ்வளவு பாடு தேவையில்லாத புத்தகங்களும் நிறைய இருக்கின்றன. மதுரைத் திட்டம் என்ற இணையதளம் 1998 முதல் தமிழ் இலக்கியங்களை எழுத்தாகவே ஏற்றி வைத்திருக்கிறது. ஃப்ரீ தமிழ் இ-புக்ஸ் தளத்தில் இ-பப்பும், 6 அங்குலத் திரைக்கென்றே அமைத்த பி.டி.எஃப்.பும் இலவசமாகக் கிடைக்கும். ஸ்கேனைத் தேடும் முன் அங்கே பார்ப்பது நல்லது.

ஏற்றுவது சுலபம். கிண்டில் என்றால் உங்கள் கணக்கில் அதற்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கும். நீங்கள் அனுப்பும் முகவரியை அனுமதிப் பட்டியலில் ஒரு முறை சேர்த்துவிட்டால் கோப்பை இணைத்து அனுப்ப வேண்டியதுதான். வைஃபை இருந்தால் சில நிமிடங்களில் உள்ளே வந்து நிற்கும். வேர்டு கோப்பையும் அது ஏற்கும், 2022 முதல் இ-பப்பையும் ஏற்கிறது. மின்னஞ்சலில் 50 எம்.பி. வரைதான், இணையதளம் வழியாக ஏற்றினால் 200 எம்.பி. வரை போகலாம். எழுத்தாகவே உள்ள பி.டி.எஃப். என்றால் மின்னஞ்சலின் தலைப்பில் 'கன்வெர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை மட்டும் போட்டு அனுப்புங்கள், ஓடும் எழுத்தாக மாற்றித் தரும். யு.எஸ்.பி. கேபிளில் இ-பப்பை நேரடியாகப் போட்டால் கிண்டில் திறக்காது. காலிபர் என்ற இலவச மென்பொருளில் கிண்டிலுக்கான வடிவத்துக்கு மாற்றிப் போட வேண்டும். கேபிள் சொருகியும் கணினியில் எதுவும் தெரியவில்லை என்றால் கருவியைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் அது சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிளாக இருக்கும்.

பவர் எழுதுகிறவள் இதைச் சொல்ல வேண்டுமா தெரியவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மின்னஞ்சலில் அனுப்பும் கோப்பு நிறுவனத்தின் சர்வர் வழியாகப் போய், நீங்கள் அழிக்கும்வரை உங்கள் கணக்கில் கிடக்கும். குடும்பத்தில் நாலு பேர் ஒரே கணக்கில் இருந்தால் அவர்கள் கண்ணிலும் படலாம். வாடிக்கையாளர் ஒப்பந்தம், ஆபீஸ் வடிவமைப்பு ஆவணம், மெடிக்கல் ரிப்போர்ட், வீட்டுக் கடன் பத்திரம் இவற்றையெல்லாம் படிக்க வசதியாக இருக்கிறதென்று அப்படி அனுப்பிவைக்கும் ஆட்களைப் பார்க்கிறேன். 'இலவசமாக மாற்றித் தருகிறோம்' என்னும் முகம் தெரியாத தளங்களில் ஏற்றுவது அதைவிட மோசம். காலிபர் உங்கள் கணினிக்குள்ளேயே மாற்றும், அங்கிருந்து கேபிளில் ஏற்றலாம். ஆபீஸ் கோப்பு என்றால் அதற்கும் முன்னால் கம்பெனி விதி அனுமதிக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படி ஓடும் எழுத்தாக மாற்ற முடியாத கோப்புகளும் உண்டு. அட்டவணை, சமன்பாடு, வரைபடம், இரண்டு பத்தியாக அமைந்த ஆய்வுக் கட்டுரை எல்லாம் மாற்றினால் சிதறிவிடும். கருவியைப் படுக்கை வாட்டில் திருப்பினால் பக்கத்தின் அகலம் திரையின் நீளப் பக்கத்துக்கு வரும். எழுத்து மூன்றில் ஒரு பங்கு பெரிதாகும். அதற்கும் மேல் வேண்டுமென்றால் 10 அங்குலத் திரை, அல்லது பேசாமல் ஜெராக்ஸ் கடை. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளிடம் நான் ஜெராக்ஸ் கடையைத்தான் சொல்கிறேன்.

இனி படிக்கும் விதம். கருவியின் முன்விளக்கை, அதாவது திரையின் மேல் வெளிச்சம் போடும் விளக்கை, அறையின் வெளிச்சத்துக்குச் சமமாக வையுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். திரை தாளைவிடப் பளிச்சென்று இருந்தால் குறையுங்கள். மெட்ரோவின் பர்ப்பிள் லைனில் எம்.ஜி. ரோடு தாண்டி ரயில் சுரங்கத்துக்குள் இறங்கும்போது வெளிச்சம் சட்டென்று மாறும். தானாகச் சரிசெய்துகொள்ளும் மாடல் இல்லையென்றால், கப்பன் பார்க்கிலிருந்து மெஜஸ்டிக் தாண்டும்வரை கண்ணை மூடி உட்காருவதே மேல். 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடி தூரத்தில் 20 நொடி பார்க்கச் சொல்வோமே, அந்தக் கணக்கும் அதில் தீர்ந்துவிடும். ப்ரோகிரஸிவ் கண்ணாடி (தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடி) போட்டவர்கள் மல்லாந்து படுத்துக் கருவியை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடிக்காதீர்கள். படிக்கும் பவர் கண்ணாடியின் அடிப்பகுதியில் இருக்கிறது. அதைப் பிடிக்க மோவாயை மேலே தூக்கித் தூக்கிக் கழுத்து பிடித்துக்கொள்ளும். படுக்கையில்தான் படிப்பேன் என்றால் படிக்க மட்டும் தனிக் கண்ணாடி செய்துகொள்ளுங்கள், மலிவாகவே முடியும்.

எழுத்தைப் பெரிதாக்கி, தூரத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்த பிறகும் தலைவலி நிற்கவில்லை, எழுத்து இரண்டாகத் தெரிகிறது, நேர் வரி வளைந்து தெரிகிறது என்றால் கோப்பை நோண்டிக்கொண்டிருக்காமல் கண் மருத்துவரிடம் போங்கள். மின்னல் மாதிரி வெட்டுவதும் கரும்புள்ளிகள் திடீரென்று கூட்டமாக மிதப்பதும் அன்றைக்கே காட்ட வேண்டிய அறிகுறிகள். சர்க்கரை உள்ளவர்களுக்கு அளவு ஏறி இறங்கும்போது பவரும் மாறிக் காட்டும். அந்த நேரத்தில் புதுக் கண்ணாடி செய்தால் அடுத்த மாதமே பொருந்தாமல் போகலாம். சர்க்கரை நிலைக்கு வந்த பிறகு பவர் பாருங்கள், விழித்திரைப் பரிசோதனையை மட்டும் வருடா வருடம் தள்ளிப்போடாதீர்கள்.