வாசலிலேயே தெரிந்துவிடும்

ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவை நம்பலாமா என்று கேட்பவர்களை, முதலில் அதன் வாசலைப் பார்க்கச் சொல்வேன். உள்ளே வரும் நோயாளியை அங்கே முதலில் பார்ப்பது யார்? பதிவுச் சீட்டு எழுதுபவரா, பயிற்சி பெற்ற நர்ஸா? வந்த சில நிமிடங்களில் நாடி, பிபி, மூச்சின் வேகம், ஆக்ஸிஜன் அளவு எல்லாம் பார்த்து, யாருக்கு உடனடி சிகிச்சை, யார் சற்றுப் பொறுக்கலாம் என்று பிரித்துவிட வேண்டும். இதற்குப் பெயர் ட்ரையாஜ். வந்த வரிசைப்படியே ஆளைக் கூப்பிடுகிற இடம் ஆபத்தானது.

வலியில் அலறுபவரை எல்லோரும் கவனித்துவிடுவார்கள். அவருக்குப் பக்கத்தில் வியர்த்து, வெளிறிப்போய், பேசாமல் உட்கார்ந்திருக்கும் சர்க்கரை நோயாளியைத்தான் அவசரப் பிரிவில் வேலை செய்யும் நாங்கள் தேடிப் பிடிக்க வேண்டும். அவருக்குப் பெரிய நெஞ்சுவலி இல்லாமலே மாரடைப்பு வந்திருக்கலாம். சந்தேகம் வந்தால், உள்ளே வந்த 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுத்து, அதை ஒரு டாக்டர் பார்த்தும் முடித்திருக்க வேண்டும். எடுத்த தாள் மேஜையில் கிடந்தால் என்ன பயன்?

பக்கவாதத்தில், ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன், மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று ஸ்கேனில் பார்த்தாக வேண்டும். ஸ்கேன் வசதி இல்லையென்றால் அதை மறைக்காமல் சொல்லி, வசதியுள்ள இடத்துக்குப் பேசி, உடனே அனுப்பி வைக்கிற சின்ன மருத்துவமனையை நான் மதிக்கிறேன்.

கருவிகள் இருப்பது வேறு, வேலை செய்வது வேறு. ஷிஃப்ட் தொடங்கும்போது, மூச்சுக்குழாயில் டியூப் போடத் தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பை விரித்து விளக்கு எரிகிறதா என்று பார்ப்போம். வாயிலும் தொண்டையிலும் சேரும் சளி, வாந்தியை உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் குழாயின் வாயை விரலால் அடைத்து, இழுக்கிறதா என்று பார்ப்போம். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் டீஃபிப்ரிலேட்டர் சார்ஜில் இருக்கிறதா, குழந்தைகளுக்கான சின்ன மாஸ்க் இருக்கிறதா என்பதும் அதோடு சேர்த்தி. அன்றைய தேதி போட்டுக் கையெழுத்தான சரிபார்ப்புத் தாள் டிராலியில் தொங்கினால் அது நல்ல அறிகுறி.

அப்புறம், காத்திருப்பவர்கள். பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். வந்தபோது நன்றாக இருந்தவர் ஒரு மணி நேரத்தில் மோசமாகலாம். அவரை மறுபடி மறுபடி பார்க்க வேண்டும். வார்டில் படுக்கை கிடைக்காமல் ஸ்ட்ரெச்சரிலேயே கிடப்பவருக்கும் பொறுப்பான நர்ஸ் யார், டாக்டர் யார் என்று தெளிவாக இருக்க வேண்டும்.

கூட வந்தவர் "முன்னைவிட மூச்சு வாங்குதுங்க" என்றதும், யாராவது எழுந்து வந்து பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். "உட்காருங்க, கூப்பிடுவோம்" என்று மட்டும் பதில் வந்தால் உட்காராதீர்கள். டியூட்டி டாக்டரைக் கேட்டு, அவரிடமே நேரில் சொல்லுங்கள்.