டிஸ்சார்ஜ் புக்கில் மெடல் விடுபட்டிருந்தால் என்ன செய்ய வேண்டும்?

போன தை மாதம் பலமநேர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா தன் பேரனோடு குடியாத்தத்தில் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். கையில் ஒரு மஞ்சப்பை. உள்ளே அவர் கணவருடைய டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. என்கிற பென்ஷன் ஆர்டர், அப்புறம் கண்ணாடி விரிசல் விட்ட ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ. "தம்பி, போட்டோவுல எண்ணிப் பாருங்க, நெஞ்சுல அஞ்சு மெடல் பட்டை இருக்கு. புக்குல ரெண்டுதான் எழுதியிருக்குன்னு இவன் சொல்றான். மீதி மூணு எங்க போச்சு?" என்று கேட்டார். பெரியவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. பென்ஷன் ஒழுங்காக வருகிறது, அதில் குறை ஒன்றும் இல்லை.

நான் பட்டாளத்தில் கிளார்க்காக இருந்தவன். இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. எங்கள் வேலூர் மாவட்டமே பட்டாளத்துக்குப் பேர்போன மண், கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றுதான் சொல்வார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் சித்தூர் மாவட்டத்திலும் தமிழ் பேசும் குடும்பங்களில் பட்டாளத்துக்குப் போனவர்கள் நிறைய. ஆனால் புக்கில் ஒரு மெடல் விடுபட்டிருந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் பேங்க், தாலுகா ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ் என்று அலைந்து களைத்துப்போனவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அந்த இடங்கள் எதற்கும் இதைத் திருத்தும் அதிகாரம் கிடையாது. திருத்த வேண்டியது அவரவர் ரெஜிமென்ட் அல்லது கோர் என்கிற படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீஸ், அதாவது ஆவண அலுவலகம். ஸ்பர்ஷ் போர்ட்டலில் விவரம் மாற்றினாலும் மெடல் ஏறாது, அது பென்ஷனுக்கானது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போரில் இருந்ததற்காகவும் இத்தனை வருஷம் சேவை செய்ததற்காகவும் கிடைக்கும் மெடல்களுக்குப் பணம் எதுவும் வராது. வீரதீர விருதுகளுக்கு மட்டும்தான் மாதப்படி உண்டு. உதாரணமாக, வீரத்துக்கான சேனா மெடலுக்கு 2017 ஆகஸ்டிலிருந்து மாதம் 2,000 ரூபாய், விருது பெற்றவருக்குப் பிறகு மனைவிக்கும் அது வரும். அதனால் "மெடலைச் சேர்த்தால் பென்ஷன் கூடும்" என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மெடல் கேட்டு ரெக்கார்டு ஆபீசுக்கு மனு எழுத ஒரு பைசா கட்டணம் இல்லை. பணம் இல்லாததற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்பவர்கள், அந்த அம்மா போட்டோவைத் துடைத்துத் துடைத்துக் காட்டியதைப் பார்த்திருக்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பட்டாளத்தில் எது நடந்தாலும் அது பார்ட் டூ ஆர்டரில் வர வேண்டும். கல்யாணம், குழந்தை பிறந்தது, புரமோஷன், லீவு, மெடல் எல்லாமே அதில்தான் வெளியாகும். அந்த ஆர்டரைப் பார்த்து ஷீட் ரோலில் பதிவார்கள். ஷீட் ரோல்தான் ரெக்கார்டு ஆபீசில் இருக்கும் மூல ஆவணம். ஓய்வு பெறும்போது அதிலிருந்து பார்த்து டிஸ்சார்ஜ் புக்கை எழுதிக் கையில் கொடுப்பார்கள். ஆக, மெடல் விடுபட மூன்று இடங்கள் இருக்கின்றன. யூனிட் ஆர்டரே போடாமல் விட்டிருக்கலாம். ஆர்டர் போட்டும் ஷீட் ரோலில் ஏறாமல் போயிருக்கலாம். ஷீட் ரோலில் இருந்தும் புக்கில் எழுதும்போது விட்டுப்போயிருக்கலாம். உங்களுடையது இதில் எது என்று தெரியாமல் "மெடல் சேர்த்துத் தரவும்" என்று ஒற்றை வரியில் மனு போட்டால், "எங்கள் ஆவணத்தில் அப்படி ஒன்றும் இல்லை" என்று ஒற்றை வரியில் பதில் வரும். கதை அதோடு நின்றுவிடும்.

அதனால் முதல் வேலை, என்னென்ன மெடல் வந்திருக்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடுவது. சில மெடல்களுக்குத் தேதி மட்டும் போதும், எங்கே இருந்தார் என்பதெல்லாம் வேண்டாம். 1972 ஆகஸ்ட் 15 அன்று சேவையில் இருந்தவர்களுக்குச் சுதந்திரத்தின் 25-ஆம் ஆண்டு மெடல், 1997 ஆகஸ்ட் 15-க்கு 50-ஆம் ஆண்டு மெடல், 2022 ஆகஸ்ட் 15-க்கு 75-ஆம் ஆண்டு மெடல். 9 வருஷம், 20 வருஷம், 30 வருஷம் முடித்ததற்கு லாங் சர்வீஸ் மெடல்கள். 1965 போர்க்காலத்துக்கு ரக்ஷா மெடல், 1971-க்கு சங்க்ராம் மெடல் என்று படையில் இருந்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுத்தவையும் உண்டு. இன்னொரு வகைக்குப் போன இடம் முக்கியம். 1965-இல் சமர் சேவா ஸ்டார், 1971-இல் கிழக்கே இருந்தவர்களுக்கு பூர்வி ஸ்டார், மேற்கே இருந்தவர்களுக்கு பஸ்சிமி ஸ்டார், சியாச்சின் கிளேசியர் மெடல், இலங்கைக்குப் போனவர்களுக்கு ஸ்ரீலங்கா கிளாஸ்ப் போட்ட ஸ்பெஷல் சர்வீஸ் மெடல், 1999 கார்கிலுக்கு ஆப் விஜய் ஸ்டார், ஆப் விஜய் மெடல். கிளாஸ்ப் என்றால் பட்டையின் மேல் குறுக்கே வரும் சின்ன உலோகத் தகடு. மெடல் புக்கில் இருக்கும், கிளாஸ்ப் விட்டுப்போயிருக்கும், அதையும் பாருங்கள்.

அந்த அம்மாவின் கணவர் 1964 ஜனவரியில் சேர்ந்தவர், 1980-இல் நாயக் ரேங்கில் வெளியே வந்தவர். புக்கில் சங்க்ராம் மெடலும் 9 வருஷ மெடலும் மட்டும் இருந்தன. 1965-இல் படையில் இருந்தவருக்கு ரக்ஷா மெடல் எங்கே? 1972 ஆகஸ்டிலும் இருந்தவருக்கு 25-ஆம் ஆண்டு மெடல் எங்கே? தேதியை வைத்தே இரண்டு கிடைத்துவிட்டன. ஐந்தாவது எது என்று போட்டோவை வைத்துச் சொல்ல முடியவில்லை, கறுப்பு வெள்ளையில் பட்டையின் நிறம் தெரியாது. "அவரு டாக்கா பக்கம் போனதா சொல்வாரு தம்பி, ஆத்தைத் தாண்டிப் போனாங்களாம், நாலு நாள் வெறும் சக்கர்பாராதான் சாப்பாடுன்னு சொல்வாரு" என்றார் அந்த அம்மா. அப்படியென்றால் பூர்வி ஸ்டார்.

கணக்குப் போட்ட பிறகு ஆர்.டி.ஐ., அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு. ராணுவத்துக்கு ஆர்.டி.ஐ. பொருந்தாது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அது தவறு. பி.எஸ்.எஃப்., சி.ஆர்.பி.எஃப். போன்றவற்றுக்குத்தான் 2005-ஆம் வருஷச் சட்டத்தில் விலக்கு உண்டு, தரைப்படைக்கு இல்லை. ரெக்கார்டு ஆபீசின் பொதுத் தகவல் அதிகாரிக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு எழுதுங்கள், ஆன்லைனிலும் போடலாம். ஷீட் ரோலின் நகல் வேண்டும், மெடல்கள் பற்றி வெளியான பார்ட் டூ ஆர்டர்களின் எண்ணும் தேதியும் வேண்டும், எந்தெந்த யூனிட்டில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தார் என்ற விவரம் வேண்டும். இந்த மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இறந்தவருடைய ஆவணத்தை மனைவியோ பிள்ளையோ கேட்டால், உறவைக் காட்டும் பி.பி.ஓ. நகலும் இறப்புச் சான்றும் கண்டிப்பாக இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் ஆள் கேட்கிறார் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இதில் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களின் ஷீட் ரோலை 25 வருஷம்தான் வைத்திருப்பார்கள், அதற்குப் பிறகு அழித்துவிடுவார்கள். லாங் ரோல் என்ற பெரிய பதிவேட்டில் சில வரிகள் மட்டும் மிஞ்சும். பென்ஷன்காரர்களுடையதை அதைவிட அதிக காலம் வைத்திருப்பார்கள், என்றாலும் நிரந்தரமாக இல்லை. அப்பா ஏழெட்டு வருஷத்தில் வெளியே வந்தவர் என்றால் இந்த மாதமே எழுதிவிடுங்கள்.

எந்த ரெக்கார்டு ஆபீஸ் என்பது அவர் சேர்ந்த ரெஜிமென்டைப் பொறுத்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற எம்.இ.ஜி. என்றால் பெங்களூரு. ஆர்ட்டிலரிக்கு நாசிக் ரோடு, இ.எம்.இ.க்கு செகந்திராபாத், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர். விமானப்படைக்கு டெல்லி சுப்ரதோ பார்க். ஆபீசர்கள் டெல்லி தலைமையகத்துக்கு எழுத வேண்டும். எங்கள் பக்கத்தில் அடிக்கடி வரும் ஒரு குழப்பம் என்னவென்றால், ரெஜிமென்டில் ஓய்வு பெற்ற பிறகு டி.எஸ்.சி. என்கிற டிஃபென்ஸ் செக்யூரிட்டி கோரில் மறுபடி சேர்ந்து ஏர்ஃபீல்டு, டெப்போ என்று காவல் வேலை பார்த்தவர்கள். அவர்களுக்கு இரண்டு ஆர்மி நம்பர், இரண்டு புக். டி.எஸ்.சி. ரெக்கார்டு கேரளாவில் கண்ணூரில் இருக்கிறது. 1971-இல் வாங்க வேண்டிய மெடலுக்குக் கண்ணூருக்கு எழுதி ஒரு வருஷம் காத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். அந்த மெடல் பழைய நம்பரோடு சேர்ந்தது, பழைய ரெஜிமென்டின் ரெக்கார்டுக்குத்தான் எழுத வேண்டும்.

ஷீட் ரோல் கையில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதில் மெடல் இருந்து, புக்கில் இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தின் நகலையே இணைத்து, "இதன்படி டிஸ்சார்ஜ் புக்கில் பதிவு செய்து தரவும், மெடல் இதுவரை வழங்கப்படவில்லை என்பதால் அதையும் வழங்கவும்" என்று எழுதினால் போதும். பதிவும் மெடலும் வேறு வேறு கோரிக்கை, இரண்டையும் எழுதுங்கள். அந்த அம்மா விஷயத்தில் ரக்ஷா மெடலும் 25-ஆம் ஆண்டு மெடலும் ஷீட் ரோலில் ஆர்டர் எண்ணோடு அழகாக இருந்தன. ஒரிஜினல் புக்கை முதல் கடிதத்திலேயே அனுப்பிவிடாதீர்கள். எல்லாப் பக்கத்தையும் நகல் எடுத்து அட்டஸ்ட் வாங்கி அனுப்புங்கள், அவர்கள் எழுத்தில் கேட்டால் மட்டும் ஒரிஜினலை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். நானே ஒரு தடவை ஒருவருடைய ஒரிஜினலை அவசரப்பட்டு அனுப்பச் சொல்லி, அது ஒரு ஆபீசில் எட்டு மாதம் கிடந்து, அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றும் கேட்காமல் போவார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

ஷீட் ரோலிலும் இல்லை என்றால் வேலை கொஞ்சம் பெரிது. அவர் அந்த இடத்தில் அந்த நாளில் இருந்தார் என்று காட்ட வேண்டும். யூனிட் தேதிகள் ஷீட் ரோலில் கிடைக்கும். அதே யூனிட்டில் அதே காலத்தில் இருந்த இன்னொருவரின் புக்கில் அந்த மெடல் இருந்தால் அந்தப் பக்கத்தின் நகல் பெரிய பலம். பழைய கடிதங்களில் இருக்கும் யூனிட் முத்திரை, 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவ தபால் ஆபீஸ் உறை, குரூப் போட்டோவின் அடியில் எழுதிய தேதி எல்லாம் துணைக்கு உதவும். கதையை நீட்டி எழுத வேண்டாம். மேலே ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி, கீழே யூனிட்டும் காலமும், அதற்குக் கீழே கோரிக்கை. ஒரு பக்கம் போதும்.

பெயர் விஷயத்தில் எல்லைப் பக்கத்துக்காரர்களுக்குத் தனிச் சிக்கல். பட்டாளத்தில் வெறும் 'முனுசாமி'. தமிழ்நாட்டு ரேஷன் கார்டில் இனிஷியலோடு முனுசாமி. சித்தூர் பக்கம் குடியேறிய பிறகு அங்கே இண்டிப்பேர் என்கிற குடும்பப் பெயரை முன்னால் போட்டு, தெலுங்கில் எழுதியதை மறுபடி இங்கிலீஷில் எழுதும்போது 'முனிசாமி'. மனுவில் எப்போதும் பட்டாளத்தில் இருக்கும் பெயரை எழுத்து மாறாமல் எழுதுங்கள். மற்ற சான்றுகளில் மாறியிருந்தால் இருவரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி அபிடவிட் ஒன்று வையுங்கள். மெடலின் விளிம்பில் நம்பரும் ரேங்கும் பெயரும் பொறித்து வரும். கடையில் வாங்கும் டெய்லர் காப்பியில் அது இருக்காது. அந்த விளிம்பைத் திருப்பிப் பார்த்தால்தான் எது அரசாங்கம் கொடுத்தது என்று தெரியும்.

மனுவை நேராக அனுப்பலாம், அல்லது தமிழ்நாட்டில் இருப்பவர்கள் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகவும், ஆந்திராவில் இருப்பவர்கள் சித்தூர் ஜில்லா சைனிக் வெல்ஃபேர் ஆபீஸ் வழியாகவும் அனுப்பலாம். முகப்புக் கடிதத்தோடு போனால் மரியாதை கொஞ்சம் கூடத்தான். இரண்டு மூன்று நினைவூட்டலுக்கும் பதில் இல்லாவிட்டாலோ, காரணம் சொல்லாமல் மறுத்தாலோ, ஆயுதப்படை தீர்ப்பாயம் இருக்கிறது. நமக்கும் ஆந்திராவுக்கும் சென்னை பெஞ்ச், கேரளாக்காரர்களுக்குக் கொச்சி. மறுப்புக் கடிதம் வந்த தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், அதனால் அந்த உறையைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள்.

இந்த வழியில் முடியாத ஒன்றும் இருக்கிறது. "எங்கப்பா செய்த காரியத்துக்கு வீர சக்ரா கொடுத்திருக்கணும்" என்று சிலர் வருவார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அன்றைய கமாண்டிங் ஆபீசர் பரிந்துரைத்து, மேலே ஒப்புதலாகி, அறிவிப்பு வந்திருந்தால்தான் விருது. வராத விருதை ரெக்கார்டு ஆபீஸ் எழுதிச் சேர்க்க முடியாது. அறிவிப்பு வந்தும் புக்கில் இல்லை என்றால் மட்டும் கேளுங்கள். மென்ஷன் இன் டிஸ்பாட்ச், அதாவது போர் அறிக்கையில் பெயர் சொல்லிப் பாராட்டுவது, அதைச் சின்னது என்று விட்டுவிட வேண்டாம், பிள்ளைகளின் காலேஜ் சீட்டில் முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டின் முன்னுரிமை வரிசையில் அதற்கும் இடம் உண்டு.

அந்த அம்மாவின் புக் ஆடி மாதம் திரும்பி வந்தது. ரக்ஷா மெடலும் 25-ஆம் ஆண்டு மெடலும் சிவப்பு மையில் ஏறி, பக்கத்தில் ரெக்கார்டு ஆபீஸ் முத்திரையும் கையெழுத்தும் இருந்தன. பூர்வி ஸ்டாருக்கு, அதே கம்பெனியில் இருந்த ஒரு சுபேதார் சாப் பேர்ணாம்பட்டில் இருப்பதைப் பேரன்தான் கண்டுபிடித்தான். அவர் புக்கின் நகலை வைத்து எழுதியிருக்கிறோம். யூனிட்டிடம் கேட்டிருப்பதாக ஒரு பதில் வந்திருக்கிறது. போன வாரம் இரண்டாவது நினைவூட்டலை ஸ்பீடு போஸ்டில் போட்டோம்.