சிங்கப்பூரில் வேலையிடத்தில் அடிபட்டால்: ‘விக்கா’ இழப்பீடு எப்படிக் கிடைக்கும், எங்கே கைநழுவும்

சிங்கப்பூரில் கட்டுமானத் தளமோ, ஷிப்யார்டோ, தொழிற்சாலையோ, வேலை காரணமாக அடிபட்ட தொழிலாளிக்கு இழப்பீடு தருவது முதலாளியின் கடமை. இதைச் சொல்வது 2019இல் நிறைவேறி 2020 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம். தளத்தில் எல்லோரும் ‘விக்கா’ என்பார்கள். தவறு யாருடையது என்று இந்தச் சட்டம் கேட்பதில்லை. ஏணியில் சரியாக ஏறவில்லை, கையுறை போடவில்லை என்று சூப்பர்வைசர் திட்டலாம். அதைக் காரணம் காட்டி இழப்பீட்டை நிறுத்த முடியாது. குடித்துவிட்டு வேலை செய்தது, சண்டையில் அடிபட்டது, வேண்டுமென்றே தன்னைக் காயப்படுத்திக்கொண்டது போன்றவைதான் விலக்கு.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் பாதுகாப்பு உண்டு. சாதாரணக் காய்ச்சலுக்கான சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்புக்கு (எம்.சி.) குறைந்தது 3 மாத வேலை தேவை. அந்தக் கணக்கை விபத்துக்கும் போட்டு ‘நீ புது ஆள், எம்.சி.க்குச் சம்பளம் கிடையாது’ என்று சொல்லும் இடங்கள் உண்டு. அது தவறு.

வொர்க் பெர்மிட், எஸ் பாஸ் (வெளிநாட்டவருக்கான வேலை அனுமதிகள்), குடியுரிமை என்ற பேதமும் இல்லை. வேலை ஒப்பந்தத்தில் இருக்கும் ஏறக்குறைய எல்லோருக்கும் பொருந்தும். வீட்டுப் பணிப்பெண்கள் இதில் வரமாட்டார்கள். அவர்களுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) தனி விபத்துக் காப்பீட்டை முதலாளி எடுத்திருக்க வேண்டும். கைபேசிச் செயலி வழியே உணவு, பொருள் விநியோகம் செய்யும் தளமேடை ஊழியர்களுக்கு 2025 ஜனவரி 1 முதல் தனிச் சட்டம் வந்திருக்கிறது.

கம்பெனி லாரியிலோ வேனிலோ வேலைக்குப் போகும்போது, திரும்பும்போது நடக்கும் விபத்தும் வேலை விபத்துதான். அதே தூரத்தைப் பொதுப் பேருந்திலோ எம்.ஆர்.டி. ரயிலிலோ சொந்தமாகப் போனால் பொதுவாகச் சேராது.

என்னென்ன கிடைக்கும்

மூன்று வகை. முதலாவது, மருத்துவ விடுப்புச் சம்பளம். வெளிநோயாளி எம்.சி. என்றால் 14 நாள் வரை முழுச் சம்பளம். மருத்துவமனை விடுப்பு என்றால் 60 நாள் வரை முழுச் சம்பளம். அதைத் தாண்டினால் மூன்றில் இரண்டு பங்கு, விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு வரை. வழக்கமான சம்பள நாளிலேயே இது கையில் வந்துவிட வேண்டும். ‘இன்சூரன்ஸ்காரன் பணம் கொடுத்த பிறகு தருகிறோம்’ என்று கம்பெனி சொன்னால் அதற்குச் சட்டத்தில் இடமில்லை. முதலாளி முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, சிகிச்சைச் செலவு. 2025 நவம்பர் 1 அன்றோ அதன் பிறகோ நடந்த விபத்துக்கு 53,000 வெள்ளி அல்லது விபத்திலிருந்து ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அதுவரை. அதற்கு முன் நடந்த விபத்துக்கு 45,000 வெள்ளி. இந்தச் செலவைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

மூன்றாவது, நிரந்தர உடற்குறைவு அல்லது மரணத்துக்கான மொத்தத் தொகை. பெரிய பணம் இதில்தான், ஏமாற்றமும் அதிகம் இதில்தான். கணக்கு இப்படிப் போகும்: சராசரி மாத வருமானத்தை வயதுக்கு ஏற்ற ஒரு பெருக்கு எண்ணால் பெருக்கி, மருத்துவர் சொன்ன குறைவுச் சதவீதத்தால் பெருக்குவார்கள். 40 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு உடற்குறைவுப் பெருக்கு எண் 181, மரணத்துக்கு 136. வயது ஏற ஏற எண் குறையும். 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்து என்றால், 100 சதவீத நிரந்தரக் குறைவுக்குக் குறைந்தபட்சம் 1,16,000 வெள்ளி, அதிகபட்சம் 3,46,000 வெள்ளி. சதவீதம் குறைவாக இருந்தால் இந்த இரண்டு எல்லைகளும் அதே சதவீதத்துக்குக் குறையும். மரணத்துக்கு 91,000 முதல் 2,69,000 வெள்ளி வரை. முழுக் குறைவு என்று முடிவானால், பராமரிப்புக்காக மேலும் 25 சதவீதம் சேரும்.

இந்தச் சூத்திரத்தில் தொழிலாளியால் கட்டிக் காக்க முடிந்த ஒரே எண் சராசரி மாத வருமானம். அது பேசிக் சம்பளம் அல்ல. விபத்துக்கு முந்திய 12 மாதங்களில் வாங்கிய ஓவர்டைம், போனஸ், படிகள் எல்லாம் சேர்ந்த சராசரி. போக்குவரத்துப் படி சேராது. 32 வயதுக்காரர் ஒருவருக்கு விரல் நுனி போய் 8 சதவீதக் குறைவு என்று வைத்துக்கொள்வோம். பேசிக் 700 வெள்ளியை வைத்துக் கணக்குப் போட்டால் 700 × 181 × 8% = 10,136 வெள்ளி. ஓ.டி.யோடு சராசரி 1,200 என்றால் 17,376 வெள்ளி. காயம் ஒன்றுதான், சம்பளச் சீட்டை வைத்திருந்தாரா இல்லையா என்பதில் 7,000 வெள்ளிக்கு மேல் வித்தியாசம். எம்.சி. சம்பளத்துக்கும் அடிப்படை இந்தச் சராசரிதான். அதனால் எம்.சி. மாதத்தில் வெறும் பேசிக் மட்டும் வந்திருந்தால் உடனே கேட்க வேண்டும்.

ஒவ்வொரு மாதமும் விவரமான சம்பளச் சீட்டு தருவது முதலாளியின் கடமை. போனில் படமெடுத்து ஊரில் இருக்கும் யாருக்காவது அனுப்பி வைப்பது நல்லது. விபத்தில் முதலில் உடைவது போன்தான். சீட்டே தராத கம்பெனி என்றால் வங்கிக் கணக்கு விவரமும், தினமும் எழுதி வைத்த நேரக் குறிப்பும் உதவும்.

முதல் நாள் பேச்சு

கோரிக்கைகள் பெரும்பாலும் நிற்பதும் விழுவதும் முதல் நாள் கிளினிக்கில் எழுதப்படும் ஒரு வரியில். ‘வேலையிடத்தில் இரண்டாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்தார்’ என்று மருத்துவக் குறிப்பில் இருந்தால் பின்னால் யாரும் மறுப்பது கடினம். ‘இடுப்பு வலி, இரண்டு நாளாக’ என்று மட்டும் இருந்தால், இது பழைய வலி என்று காப்பீட்டு நிறுவனம் வாதாடும். முதுகுத் தண்டுவட்டுக் காயம், தோள் தசைக் கிழிவு, முழங்கால் போன்றவற்றில் இந்தத் தகராறு அடிக்கடி வரும். ரத்தம் வராத காயம் எல்லாவற்றுக்குமே இந்தக் கஷ்டம் உண்டு. கூட வரும் கம்பெனி ஆள் மருத்துவரிடம் பேச, தொழிலாளி தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது நல்லதல்ல. எங்கே, எத்தனை மணிக்கு, என்ன செய்யும்போது அடிபட்டது என்று சொந்த வாயால் சொல்ல வேண்டும். மொழி தடையென்றால் அரசு மருத்துவமனையில் தமிழ் தெரிந்த பணியாளரைக் கேட்கலாம். வலிக்கிற இடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள்; கை முறிந்த வலியில் முழங்காலைச் சொல்லாமல் விட்டால் மூன்று வாரம் கழித்து அதைச் சேர்ப்பது பெரும்பாடு.

‘குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று சொல், செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்ற பேச்சுக்கு இணங்கக் கூடாது. வேலை சாராத நோய்க்கு வொர்க் பெர்மிட், எஸ் பாஸ் தொழிலாளர்களுக்கு வேறொரு மருத்துவக் காப்பீடு இருக்கிறது. 2023 ஜூலையிலிருந்து ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. அதில் பில் கட்டிவிடலாம்தான். ஆனால் அந்த வழியில் போனால் நிரந்தரக் குறைவுக்கான தொகை கிடையாது. விடுதிக் கிளினிக்கில் 5 வெள்ளி கட்டிப் பார்க்கும் அடிப்படைச் சிகிச்சைத் திட்டமும் காய்ச்சல், தலைவலிக்கானது. விபத்தை அதற்குள் அடக்கிவிடக் கூடாது.

சூப்பர்வைசரிடம் வாயால் சொன்னதோடு நிற்காமல் அன்றே வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புங்கள். நாளும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும். இடத்தின் படம், இயந்திரத்தின் படம், பார்த்தவர்களின் பெயரும் போன் எண்ணும் வேண்டும். கூட வேலை பார்த்தவர் ஆறு மாதத்தில் ஊருக்குப் போய்விடலாம், இந்திய எண்ணையும் வாங்கி வையுங்கள்.

முதலாளி செய்ய வேண்டியது

ஒரு நாள் எம்.சி. கொடுத்தாலும், லைட் டியூட்டி (இலகுவான வேலை) எழுதிக் கொடுத்தாலும், விபத்தை அறிந்த 10 நாளுக்குள் மனிதவள அமைச்சுக்கு முதலாளி ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். மூன்று நாளுக்கு மேல் எம்.சி. இருந்தால்தான் ரிப்போர்ட் என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். அது 2020 செப்டம்பருக்கு முந்திய விதி. அதை நம்பித்தான் எலும்பு முறிந்தவருக்குக்கூட இரண்டு நாள் எம்.சி.யும் மீதி நாளுக்கு லைட் டியூட்டியும் கேட்டு வாங்கும் பழக்கம் இருந்தது. இப்போது அதில் கம்பெனிக்கு ஆதாயம் இல்லை.

முதலாளி தெரிவிக்கவில்லை என்றால் தொழிலாளியே அமைச்சிடம் நேரடியாகக் கோரிக்கை வைக்கலாம். கெடு, விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு. வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணமும் இல்லை. வெளிநாட்டுத் தொழிலாளர் நிலையம் தமிழில் வழிகாட்டும்.

உடலுழைப்புத் தொழிலாளர் அனைவருக்கும், சம்பளம் எவ்வளவானாலும், முதலாளி காப்பீடு எடுத்திருக்க வேண்டும். எடுக்காவிட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். காப்பீடு இல்லை என்பதால் இழப்பீடு இல்லை என்று ஆகாது. முதலாளியே கட்ட வேண்டும்.

சதவீதமும் 14 நாளும்

காயம் ஆறிய பின் சிகிச்சை அளித்த மருத்துவமனை குறைவுச் சதவீதத்தை மதிப்பிடும். காயம் முழுதாக நிலைப்படும் வரை ஆண்டுக்கணக்கில் காத்திருந்தது பழைய வழக்கம். இப்போது விபத்துக்கு 6 மாதம் ஆன பின் இருக்கும் நிலையை வைத்தே மதிப்பிடலாம். இடையில் ஃபிசியோ தேதிகளைத் தவறவிடாதீர்கள். வராத தேதிகள் கோப்பில் பதிவாகும். ‘வலி இருந்தால் ஏன் வரவில்லை’ என்ற கேள்விக்குப் பிறகு பதில் சொல்ல முடியாது.

மதிப்பீடு முடிந்ததும் தொகைக் கணக்கீட்டு அறிவிப்பு வரும். அதில் மூன்று எண்களைப் பாருங்கள்: சராசரி வருமானம், பிறந்த தேதி, சதவீதம். எதிலாவது உடன்பாடு இல்லையென்றால் 14 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். சதவீதத்தின் மேல் ஆட்சேபம் என்றால் மருத்துவக் குழு மறுபடி பார்க்கும். அதன் முடிவு இறுதி. முதலில் சொன்னதைவிடக் குறைத்தும் சொல்லலாம் என்பதை யோசித்துவிட்டுப் போங்கள். முதலாளியோ காப்பீட்டு நிறுவனமோ கூட ஆட்சேபிக்கலாம். யாரும் ஆட்சேபிக்காவிட்டால் அறிவிப்பு வந்த 21 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும்.

இந்தக் கட்டத்தில்தான் ‘கோர்ட்டுக்குப் போனால் இன்னும் அதிகம்’ என்று ஆள் பிடிப்பவர்கள் வருவார்கள். வழக்கு ஒரு உரிமைதான், மூன்றாண்டுக்குள் போடலாம். ஆனால் விக்காவும் வழக்கும் ஒன்றாகக் கிடையாது. கோரிக்கையைத் திரும்பப் பெற்ற பின்பே வழக்கு. அங்கே முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும், உங்கள் பக்கத் தவறு கணக்கில் வரும், வக்கீல் செலவும் உண்டு. தவறு முழுக்கக் கம்பெனியுடையது, காயம் பெரிது, சாட்சி இருக்கிறது என்றால் யோசிக்கலாம். விரல் நுனிக்கு வழக்குப் போடுவது பெரும்பாலும் வக்கீலுக்குத்தான் லாபம்.

பெர்மிட் ரத்தானால்

அடிபட்டதும் பெர்மிட்டை ரத்து செய்து டிக்கெட் போடும் கம்பெனிகள் உண்டு. பெர்மிட் போனாலும் கோரிக்கை போகாது. கோரிக்கை நடக்கும்போது தங்குவதற்கு ஸ்பெஷல் பாஸ் கிடைக்கும். அதில் பொதுவாக வேலை செய்ய முடியாது, செய்தால் சட்ட விரோதம். ஊருக்கு அனுப்பும் வரை சாப்பாடு, தங்குமிடம், சிகிச்சை முதலாளியின் பொறுப்பு. ‘எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதி வாங்கும் தாளுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. இந்த உரிமையை ஒப்பந்தம் போட்டு விட்டுக்கொடுக்க முடியாது. இருந்தாலும் கையெழுத்துப் போட்ட தாளோடு மல்லுக்கட்டுவது வேதனை, வெற்றுத் தாளில் எதுவும் போடாதீர்கள். விமான நிலையத்துக்கு வற்புறுத்தி அழைத்துப் போனால், குடிநுழைவு முகப்பில் இருக்கும் அதிகாரியிடம் ‘விபத்துக் கோரிக்கை இருக்கிறது, போக விருப்பமில்லை’ என்று சொன்னால் போதும்.

குடும்பச் சூழலால் ஊருக்குப் போயே ஆக வேண்டும் என்றால், கோரிக்கை எண், காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், எல்லா எம்.சி.க்களின் நகல், மருத்துவமனைப் பதிவு எண் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். ஊர் முகவரி, மின்னஞ்சல், போன் எண்ணை அமைச்சுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். அறிவிப்பு பழைய விடுதி முகவரிக்குப் போய்ச் சேர்ந்தாலும் அந்த 14 நாள் ஓடத் தொடங்கிவிடலாம்.