கைது செய்தால் எங்கே எழுதுவார்கள், அதை நாங்கள் எப்படிப் பார்ப்பது?

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அக்கா ஒருவரின் மகன் மணல் ஏற்றப்போன உழவு இயந்திரத்தில் கூடப் போயிருக்கிறான். இரவு பதினொரு மணிக்குப் பிறகு அவனுடைய போன் வேலை செய்யவில்லை. விடிந்ததும் அக்கா கிட்டவுள்ள பொலிஸ் நிலையத்துக்குப் போனார். "அப்படி ஒருவரும் இங்கே இல்லை" என்றார்கள். அடுத்த நிலையத்தில் அந்நேரம் தமிழ் தெரிந்தவர் எவரும் கடமையில் இல்லை. யாரோ சொல்லி மத்தியானம் நீதிமன்றத்துக்கு ஓடினால், பெடியனை ஏற்கெனவே விளக்கமறியலுக்கு ஏற்றியாயிற்று. அடுத்த தவணை எப்போது, வழக்கு இலக்கம் என்ன என்று சட்டத்தரணி கேட்டபோது அக்காவிடம் பதில் இல்லை. அந்த இலக்கத்தை எங்கே கேட்பது என்று தெரியாமலே இன்னும் ஒரு நாள் போனது.

அமெரிக்காவில் பல ஊர்களில் அன்றன்றைக்குக் கைதானவர்களின் பெயரைப் படத்தோடு இணையத்திலேயே போட்டுவிடுகிறார்கள். இங்கே இலங்கையில் அப்படி இல்லை. நம்மிடம் ஒரு கைதின் பதிவு மூன்று இடங்களில் இருக்கும்: பொலிஸ் நிலையத்துப் புத்தகம், நீதவான் நீதிமன்றக் கோவை, சிறைச்சாலைப் பதிவு. இவற்றில் நமக்கு மிகவும் கைகொடுப்பது நடுவில் உள்ளதுதான். ஆனால் சனம் முதலாவதிலேயே நின்று களைத்துப்போகிறது.

பொலிஸ் நிலையத்தில் இருந்து தொடங்குவோம். யாரைப் பிடித்தாலும் காரணம் சொல்ல வேண்டும் என்று அரசியலமைப்பின் 13(1) ஆம் உறுப்புரை சொல்கிறது. பிடியாணை இல்லாமல் பிடிக்கப்பட்டவரை, பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்பது 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை. நிலையப் பொறுப்பதிகாரி, அதாவது ஓ.ஐ.சி., அப்படிப் பிடிக்கப்பட்டவர்கள் பற்றி நீதவானுக்கு அறிவிக்கவும் வேண்டும். நிலையத்துத் தகவல் புத்தகத்தை நீங்கள் வாங்கிப் புரட்ட முடியாது. ஆனால் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், என்ன காரணத்துக்காகப் பிடித்தார்கள், பிடித்த உத்தியோகத்தரின் பெயரும் இலக்கமும் என்ன, எந்த நீதிமன்றத்துக்கு எப்போது கொண்டுபோகிறார்கள் என்று கேட்கலாம். கேட்டு, நீங்களே ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். பதில் சொன்னவரின் பெயரையும் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். "இல்லை" என்று சொன்னால் அதையும் எழுதுங்கள். பிறகு முறைப்பாடு என்று வந்தால் அந்தக் கொப்பி உதவும்.

2018 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம், வலிந்து காணாமலாக்கப்படுவதிலிருந்து ஆட்களைப் பாதுகாக்கும் சட்டம், யாரையும் இரகசியமாகத் தடுத்துவைக்கக் கூடாது என்கிறது. தடுத்துவைக்கப்பட்டவர்களின் பதிவேட்டை அதிகாரிகள் வைத்திருக்க வேண்டும். உறவினருக்கும் சட்டத்தரணிக்கும் தகவல் பெறும் உரிமை உண்டு. வன்னியில் இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. போர் முடிந்த 2009 இல் கையில் ஒரு துண்டும் வாங்காமல் பிள்ளைகளை இராணுவத்திடம் கையளித்தவர்கள் 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியில் வீதியோரம் இருந்து கேட்டதும், வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஆள்கொணர்வு மனு, அதாவது பிடித்துவைத்தவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் மனு, போட்டவர்கள் கேட்டதும் அந்தப் பதிவைத்தான்.

சரி, நீதிமன்றம். விசாரணை முடியாமல் ஒருவரை முற்படுத்தும்போது பொலிஸார் நீதவானுக்குக் கொடுப்பது பி அறிக்கை. அதற்கு ஓர் இலக்கம் விழும். அக்காவுக்குத் தேவைப்பட்டது இதுதான். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் என்று எந்த நீதவான் நீதிமன்றமானாலும், பெயரையும் திகதியையும் பொலிஸ் நிலையத்தையும் சொல்லிப் பதிவாளர் அலுவலகத்தில் இலக்கத்தைக் கேட்கலாம். அந்தப் பொலிஸ் நிலையத்தின் சார்பில் நீதிமன்றக் கடமைக்கு வரும் சார்ஜனிடமும் கேட்கலாம்; பல நேரம் அவர்தான் விரைவாகச் சொல்வார். எந்தச் சிறைச்சாலைக்கு அனுப்புகிறார்கள் என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

நீதிமன்ற அமர்வு பகிரங்கமானது. அரசியலமைப்பின் 106 ஆம் உறுப்புரை அப்படித்தான் சொல்கிறது. பாலியல் குற்றம், தேசிய பாதுகாப்பு போன்ற சில விடயங்களில் நீதிபதி ஆட்களை வெளியே போகச் சொல்லலாம். மற்றபடி பின் வாங்கில் அமைதியாக இருந்து கேட்க யாருக்கும் உரிமை உண்டு. கோவையின் பிரதி வேண்டுமென்றால் சட்டத்தரணி ஊடாக நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்துக்கு எழுத்தில் கொடுக்கும் விண்ணப்பம்) போட்டு, கட்டணம் கட்டி, உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். வழக்கோடு சம்பந்தமில்லாதவர் கேட்டால் கொடுப்பதா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கும். கையில் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேட்கலாம்.

மொழி விடயத்தில் ஒரு நல்லதும் ஒரு கெட்டதும். வடக்குக் கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ். அது அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை. ஆனால் பொலிஸில் எடுக்கும் வாக்குமூலம் இன்னும் பல இடங்களில் சிங்களத்தில்தான் எழுதப்படுகிறது. வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வைக்கவே வேண்டாம். தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். இதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. அந்த இடத்தில் நீங்கள் நிற்க மாட்டீர்கள்.

இனி, கையில் கிடைத்த பி அறிக்கையை எப்படி வாசிப்பது? அதில் இருப்பது பொலிஸார் சொல்லும் கதை. சந்தேகநபர் இன்னாரை இன்ன சட்டத்தின் இன்ன பிரிவின் கீழ் பிடித்தோம், விசாரணை நடக்கிறது, விளக்கமறியலில் வைக்கக் கேட்கிறோம் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். நீதவான் கைப்பட எழுதிய கட்டளையைத் தேடிப் பாருங்கள். அடுத்த தவணை அங்கேதான் இருக்கும். விளக்கமறியல் தண்டனை அல்ல. பிணையில் வந்தவர் விடுதலையானவரும் அல்ல. "விடுவிக்கப்பட்டார்" என்றால் போதிய சான்று இல்லாமல் அனுப்பியிருக்கலாம், வழக்கு திரும்ப வரவும் இடமுண்டு. "விடுதலை செய்யப்பட்டார்" என்றால் அந்தக் குற்றச்சாட்டு அத்தோடு முடிந்தது. இன்னொரு சிக்கல்: விசாரணை முடிந்து குற்றச்சாட்டுப் பதிவாகும்போது வழக்குக்குப் புது இலக்கம் விழும், பெரிய குற்றமென்றால் மேல் நீதிமன்றத்துக்குப் போய் இன்னொன்று. பழைய இலக்கத்தோடு போய் "அப்படி வழக்கு இல்லையாம்" என்று திரும்பி வருகிறவர்கள் இதில்தான் தடுக்குப்படுகிறார்கள்.

குற்றவாளி என்று தீர்க்கும்வரை ஒருவர் சுற்றவாளி. இது 13(5). கசிப்போடு பிடிபட்டான், மரத்தோடு பிடிபட்டான் என்று படம் போட்டு வட்ஸ்அப் குழுவில் சுற்றவிடுகிற நம்மவர்கள், அதே பெடியனை ஆறு மாதம் கழித்து நீதிமன்றம் விட்டுவிட்டது என்று ஒரு வரி போட்டதை நான் கண்டதில்லை.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தால் கணக்கு வேறு. 72 மணித்தியாலத்துக்குள் நீதவானிடம் கொண்டுபோக வேண்டும், அல்லது தடுப்புக்காவல் உத்தரவு எடுக்க வேண்டும். அந்த உத்தரவு ஒருமுறைக்கு மூன்று மாதம். 2022 திருத்தத்துக்குப் பிறகு மொத்தம் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. இந்தச் சட்டத்தில் கைது செய்தால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிப்பது கட்டாயம். எனவே இங்கே நாலாவதாக ஒரு பதிவு உண்டு. 1996 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது வவுனியாப் பிராந்திய அலுவலகத்துக்கு நேரே போங்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதம்தான் உண்டு. அதற்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது.

யாரும் வாயால் பதில் சொல்லாவிட்டால்? தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கம். வழமையாக 14 வேலை நாளுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு பிரசையின் உயிரோடும் தனிப்பட்ட சுதந்திரத்தோடும் தொடர்புடைய தகவலுக்கு 48 மணித்தியாலம். இந்த ஒரு வரியை நம் ஆட்கள் பயன்படுத்துவது மிகக் குறைவு. தமிழில், ஒரு கொப்பித் தாளில் எழுதினாலே போதும்:

"இன்ன திகதி இரவு இன்ன இடத்தில் கைதானதாக அறியும் என் மகன் (பெயர், அடையாள அட்டை இலக்கம்) இப்போது எந்த நிலையத்தின் காவலில் உள்ளார், கைதான நேரம், இடம், காரணம் என்ன, கைது செய்த உத்தியோகத்தரின் பெயர், இலக்கம் என்ன, எந்த நீதிமன்றத்தில் எப்போது முற்படுத்தப்பட்டார், வழக்கு இலக்கம் என்ன என்பவற்றைத் தரவும். இது தனிப்பட்ட சுதந்திரத்தோடு தொடர்புடையதால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவின்படி 48 மணித்தியாலத்துக்குள் பதில் வேண்டும்."

எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்க முடியாது. கொடுத்ததற்கு ஒப்புதல் துண்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். தகவல் உத்தியோகத்தர் யார் என்பதை அலுவலகத்தில் காட்சிப்படுத்தியிருக்க வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கும் (அந்த நிறுவனத்திலேயே மேன்முறையீட்டைக் கேட்பவர்), அங்கேயும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். விசாரணையைப் பாரதூரமாகக் குழப்பும் தகவல் என்று சொல்லி மறுக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் உங்கள் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று சொல்வதால் எந்த விசாரணை குழம்பும் என்று மேன்முறையீட்டில் கேளுங்கள்.

ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் முன்பு பிடிபட்டவனா, மாப்பிள்ளையின் பழைய வழக்கு என்ன என்று இதே சட்டத்தில் கேட்டால் கிடைப்பது அரிது. அது தனிப்பட்ட தகவல். சம்பந்தப்பட்டவரின் எழுத்துச் சம்மதமோ பெரிய பொதுநலனோ வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு எடுக்கும் பொலிஸ் கிளியரன்ஸ் அவரவர் தம்மைப் பற்றி எடுப்பது. பொதுவான எண்ணிக்கை வேறு விடயம்: உங்கள் பொலிஸ் நிலையத்தில் ஓர் ஆண்டில் மணலுக்காக எத்தனை பேரைப் பிடித்தார்கள், எத்தனை பேருக்கு வழக்குப் போட்டார்கள் என்று எந்தப் பிரசையும் கேட்கலாம். சனசமூக நிலையம் ஒன்று வருடத்துக்கு ஒருமுறை கேட்டாலே ஊருக்குள் பேசும் பேச்சு மாறும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

இன்னொன்று, தேடும்போது பெயரை மட்டும் நம்பாதீர்கள். தமிழ்ப் பெயர் சிங்களத்தில் எழுதப்பட்டுத் திரும்பத் தமிழுக்கு வரும்போது எழுத்து மாறிவிடும். தகப்பன் பெயர் முன்னே வந்து, பிள்ளையின் பெயர் வெறும் முதலெழுத்தாகப் போய்விடுவதும் உண்டு. அக்காவின் மகனை முதல் நிலையத்தில் "இல்லை" என்றதும் அதனால்தானாம். அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். வீட்டில் எல்லாருடைய அட்டையையும் இன்றைக்கே ஒரு பிரதி எடுத்துவையுங்கள். பிடிபடும்போது அட்டை அவர்களின் சட்டைப் பையில் இருக்கும், வீட்டில் இருக்காது.