கெட்டி மேளம் கொட்டும் நேரத்தில் விளக்கு கண் சிமிட்டினால்

சித்தி மகள் கல்யாணத்துக்கு நானும் ஒரு கேமராவைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு மண்டபம், விடியற்காலை முகூர்த்தம். மந்திரம் ஓதும்போது கிளிக் சத்தம் இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று சைலன்ட் ஷட்டரில் போட்டிருந்தேன். நாயனமும் தவிலும் கூரையைப் பிளக்கிற இடத்தில் என் கிளிக் யார் காதில் விழப்போகிறது என்று அப்போது தோன்றவில்லை. கெட்டி மேளம் கொட்டியது, அட்சதை பறந்தது, தாலி ஏறியது. பத்து நொடி, இருபது படம். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாவற்றிலும் குறுக்கே கருப்புப் பட்டைகள். ஒன்றில் மாப்பிள்ளையின் நெற்றியில், அடுத்ததில் பெண்ணின் தோளில். தாலி தெளிவாகத் தெரிய வேண்டிய படத்தில் சரியாகத் தாலி மேலேயே.

"வெளிச்சம் பத்தலையா?" என்றார் அப்பா. கல்யாண மண்டபத்தில் வெளிச்சத்துக்கு என்ன குறைச்சல்? வகைதான் அதிகம், தொல்லையும் அதுதான்.

முதலில் பட்டையைப் பார்ப்போம். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றில் இரண்டு முறை உச்சத்துக்குப் போய் இரண்டு முறை பூஜ்யத்துக்கு வருவதால், விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். பழைய குண்டு பல்பில் இழை அதற்குள் ஆறிவிடாது. அதனால் ஏற்ற இறக்கம் குறைவு. எல்இடி அப்படியில்லை. உள்ளே மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் டிரைவர் என்ற சுற்று மட்டமானதாக இருந்தால், மின்சாரம் இறங்கும்போது வெளிச்சமும் கூடவே இறங்கிவிடும். நம் கண்ணுக்கு அது எட்டாது. சைலன்ட் ஷட்டரில் கேமரா மொத்தப் படத்தையும் ஒரே கணத்தில் பிடிப்பதில்லை, வெளிச்சத்தைப் பதியும் சென்சாரை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. சாதாரணக் கேமராவில் அதற்கு நொடியில் முப்பதில் ஒரு பங்கு வரை ஆகலாம். அதற்குள் விளக்கு மூன்று முறை மங்கி எழுந்திருக்கும். மங்கிய நேரத்தில் படித்த வரிகள்தான் அந்தப் பட்டைகள்.

"தம்பி, ஷட்டரை நூறுல வைங்க, பட்டை ஓடிரும்" என்றார் அன்று மண்டபத்தில் வேலை பார்த்த போட்டோகாரர், பிறகு ஒரு நாள் படங்களைக் காட்டியபோது. கணக்குச் சரிதான். 1/100 நொடி என்றால் ஒவ்வொரு வரிக்கும் முழுசாக ஒரு ஏற்றமும் ஒரு இறக்கமும் கிடைத்துவிடும், எல்லா வரியும் சமம். 1/50 வைத்தால் இரண்டிரண்டு. அமெரிக்காக்காரர் வீடியோவைப் பார்த்து 1/125 வைத்தால் இங்கே பொருந்தாது, அவர்கள் மின்சாரம் 60 சுற்று. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் போட்ட சில எல்இடிகள் வேறு வேகத்தில் சிமிட்டும். அங்கே இந்த வித்தை பலிக்காமல் போகலாம். அப்போது சத்தம் போடும் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிவிட வேண்டியதுதான். 1/100இல் அட்சதை கொஞ்சம் கோடிழுத்துத்தான் விழும். எனக்கென்னவோ அது பிடித்திருக்கிறது.

அடுத்தது நிறம். ஹோமத் தீயின் நிற வெப்பநிலை ஏறக்குறைய 1900 கெல்வின். மஞ்சள் பல்பு 2700 முதல் 3000. வீடியோகாரரின் லைட் 5600 பக்கம். விடிந்த பிறகு வாசல் வழியாக வரும் நிழல் வெளிச்சம் 7000ஐத் தாண்டும். எண் ஏற ஏற நீலம் கூடும். மூளை இத்தனையையும் சரிக்கட்டி, வேட்டி வெள்ளைதான் என்று சொல்லிவிடுகிறது. வெள்ளையை வெள்ளையாகக் காட்ட நிறத்தைச் சரிசெய்யும் கேமராவின் ஒயிட் பேலன்ஸோ முழுப் படத்தையும் சேர்த்து ஒரே பக்கம் நகர்த்தும். தீ பட்ட கன்னத்தைச் சரிசெய்தால் வாசல் பக்கக் கன்னம் நீலமாகிவிடும்.

மணவறைக்குப் பின்னால் ஊதா நிறத்தில் பார் லைட் என்ற மேடை விளக்கு வைக்கிறார்களே, அது இன்னும் மோசம். கோடாக் நிறுவனத்தில் இருந்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இன்றும் பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது: பிக்சல்களில் பாதிக்குப் பச்சை வடிகட்டி, கால்வாசிக்குச் சிவப்பு, கால்வாசிக்கு நீலம். ஊதா வெளிச்சத்தில் பச்சையே இல்லாததால் பாதிப் பிக்சல்கள் சும்மா கிடக்கும், சிவப்பும் நீலமும் நிரம்பி வழியும். முகம் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஆகிவிடும். பதியாத நிறத்தை எந்த மென்பொருளும் திருப்பித் தராது. முகத்தில் விழும் வெளிச்சம் ஒன்று மற்றதையெல்லாம் அமுக்கிவிட வேண்டும், அதுதான் வழி. நான் செய்வது, வீடியோகாரரின் லைட்டுக்குச் சற்றுப் பக்கவாட்டில் போய் நின்றுகொள்வது. அவர் லைட் நம் லைட்.

ஃப்ளாஷைக் கூரையில் அடித்துத் திருப்பலாம்தான். ஆனால் நேராக அடித்தால் இரண்டு மீட்டர் போகிற வெளிச்சம், உயரமான கூரைக்கு ஏறி இறங்க எட்டு மீட்டர் போக வேண்டும். தூரம் நான்கு மடங்கு, வந்து சேருவது பதினாறில் ஒரு பங்கு. மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் வீட்டு வாசலில் பச்சைத் துணிப் பந்தல் போட்டிருந்தால் திரும்பி வருவதும் பச்சையாகத்தான் வரும். கீற்றுப் பந்தலில் வேறு கூத்து. இடுக்குகள் வழியாக விழும் வட்ட வட்ட வெயில் பொட்டுகள் ஒவ்வொன்றும் சூரியனின் பிம்பம், ஊசித்துளைக் கேமரா மாதிரி. 2019 டிசம்பர் 26 கிரகணத்தன்று எங்கள் வேப்பமரத்தடியில் அத்தனையும் பிறையாக விழுந்து கிடந்தன. மார்கழி என்பதால் பந்தல் எதுவும் இல்லை.

மல்லிகையைச் சொல்லாமல் விட முடியாது. எதைப் பார்த்தாலும் சராசரி சாம்பல் என்று எண்ணித்தான் கேமரா வெளிச்சத்தை அளக்கிறது. பட்டு வேட்டி படம் முழுக்க நிறைந்து நின்றால் முகத்தைக் கருக்கிவிடும். கரிய கூந்தல் நிறைந்து நின்றால் வெளிச்சத்தை ஏற்றி, சடையிலுள்ள மதுரை மல்லியை வெறும் வெள்ளைத் திட்டாக்கிவிடும். நெருங்கிப் பாருங்கள், மொட்டின் காம்பில் இளம்பச்சை, இதழ் நுனியில் லேசான நிழல். ஒரு முறை திட்டாகிவிட்டால் இதெல்லாம் போச்சு. அதனால் மல்லிக்கு அளந்து, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) கோப்பாக எடுத்து, முகத்தைப் பிறகு கொஞ்சம் ஏற்றுவேன். வழக்கமான ஜேபெக் (JPEG) படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 14 பிட் ரா கோப்பில் 16,384.

அடுத்த கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலமே போய்விட்டேன். டெக்கரேஷன்காரர் விளக்குக் கட்டிக்கொண்டிருந்தார். போன் கேமராவில் ஸ்லோ மோஷன் வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். எட்டில் இரண்டு துடித்துக்கொண்டிருந்தன.

"கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே தம்பி" என்றார்.

போனை அவர் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அந்த இரண்டையும் கழற்றிப் பந்தி நடக்கும் ஹாலில் கொண்டுபோய் மாட்டினார்.