பள்ளியில் மனித உரிமைக் கல்வி: சட்டம் என்ன கேட்கிறது, பெற்றோர் என்ன செய்யலாம்?

"தீண்டாமை ஒரு பாவச் செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத்தன்மையற்ற செயல்." தமிழ்நாட்டில் படித்த யாருக்கும் இந்த வரிகள் மனப்பாடம். மனித உரிமைக் கல்வி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது இதுபோன்ற ஒரு பாடநூல் பக்கமும், மனித உரிமை நாளான டிசம்பர் 10 அன்று காலைக் கூட்டத்தில் எடுக்கும் உறுதிமொழியும்தான். சட்டம் இதோடு நிற்கவில்லை.

ஐ.நா. பொதுச்சபை 2011இல் நிறைவேற்றிய பிரகடனம் மனித உரிமைக் கல்வியில் மூன்று வேலைகள் உண்டு என்கிறது. உரிமைகளைப் பற்றிச் சொல்லித்தர வேண்டும். மாணவர், ஆசிரியர் இருவரின் உரிமையையும் மதிக்கிற முறையில் சொல்லித்தர வேண்டும். தன் உரிமையைக் கேட்கவும் அடுத்தவர் உரிமையைக் காக்கவும் பழக்க வேண்டும். நம் பள்ளிகளில் முதலாவது ஓரளவு நடக்கிறது, இடறுவது இரண்டாவதில்தான்.

இதற்கு நம் கையில் இருப்பது 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம். 25 சதவீத இடஒதுக்கீட்டுக்காக மட்டுமே பலரும் இதைப் புரட்டுகிறார்கள். 29ஆம் பிரிவையும் படிக்க வேண்டும். பாடத்திட்டம் அரசியலமைப்பின் விழுமியங்களை ஒட்டி இருக்க வேண்டும், குழந்தைக்குப் பயமும் பதற்றமும் இருக்கக் கூடாது, மனதில் பட்டதைத் தயங்காமல் சொல்ல உதவ வேண்டும் என்கிறது அது.

17ஆம் பிரிவு இன்னும் நேரடியானது: உடல் தண்டனைக்கும் மனரீதியான துன்புறுத்தலுக்கும் தடை. மீறினால் பணிவிதிப்படி ஒழுங்கு நடவடிக்கை. பிரம்படி மட்டும்தான் தண்டனை என்று நினைத்துவிடாதீர்கள். முட்டி போட வைப்பது, அப்பா செய்யும் தொழிலையோ சாதியையோ சொல்லிக் கேலி செய்வது, குறிப்பிட்ட பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவ அனுப்புவது எல்லாமே கூடாது என்று தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல் விரிவாகச் சொல்கிறது. சமத்துவம் பற்றிப் பாடம் நடத்திவிட்டு அடுத்த பீரியடில் துடைப்பத்தை யார் கையில் கொடுக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் கவனிக்காமலா இருப்பார்கள்?

சரி, மீறல் நடந்தால்? 32ஆம் பிரிவின்படி யார் வேண்டுமானாலும் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் புகார் தரலாம். தேதி, வகுப்பு, நடந்தது என்ன என்று சுருக்கமாக எழுதினால் போதும். ஒரு நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கும் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து, முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்; பின்னால் கைகொடுப்பது அந்தத் தாள்தான். மூன்று மாதங்களுக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். அவசரம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. தமிழ்நாட்டில் கல்வி தொடர்பான உதவிக்கு 14417.

அரசுப் பள்ளியில் இன்னொரு வழியும் உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். கூட்டத்துக்குப் போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராமல், பிரச்சினையைப் பேசித் தீர்மானத்தில் பதியச் சொல்லலாம்.

ஒரு வரம்பு உண்டு. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். அதற்கு மேற்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்கு 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் இருக்கிறது. பொறுப்பில் உள்ளவர் குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் அதன் 75ஆம் பிரிவில் சிறைத் தண்டனை வரை உண்டு. அது 18 வயது நிறையாத எல்லோருக்கும் பொருந்தும்.